இடைத்தொட்டி

குழாயைத் திருப்பினால் தண்ணீர் உடனே வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் காய்ந்து கிடந்துவிட்டு, அப்புறம்தான் வந்தது.

மேஸ்திரி மூடினார், மறுபடி திறந்தார். அதே மாதிரிதான். குழாயில் காற்று அடைத்திருந்தால் துப்பித் துப்பி வரும். வாஷர் போயிருந்தால் முனகும். மேலே தொட்டி காலியென்றால் நூலாக இறங்கும். இது அதில் எதுவுமில்லை. மேலே யாரோ உட்கார்ந்துகொண்டு, இவனுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, சரி போகட்டும் என்று விடுகிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் குழாய் வேலை பார்த்த மனுஷன். தண்ணீர் எதுவும் செய்யும், ஆனால் யோசிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"கை கழுவப் போன ஆளு குழாயைக் கழட்ட உட்கார்ந்துட்டீங்களா?" வெளியே இருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தாள். "இங்கயும் வந்து அதே பொழப்புதானா?"

"உன் வேலையைப் பாரு."

"எனக்கு இங்க என்ன வேலை? ஜன்னலைப் பாக்குறதுதான் வேலை."

அவள் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலாம் மாடி. கீழே ஊர், கொட்டிவிட்டு அள்ள மறந்த ஜல்லி மாதிரி கிடந்தது. மத்தியானம் மூணு மணி. மழைக்கு மூட்டம் போட்டு வானம் பழைய அலுமினியப் பாத்திரம் போல மங்கிப் போயிருந்தது. அறை என்னவோ ராஜா வீட்டு அறைதான். கட்டில் இவர்கள் வீட்டு முன்கூடம் அகலம். தரையில் கால் புதைகிற விரிப்பு. காற்றில்கூட செண்ட் அடித்து அனுப்பியிருந்தான். மேஸ்திரிக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. ஒரு வாசனையை மறைக்கத்தான் இன்னொரு வாசனை போடுவார்கள். மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். செண்டுக்கு அடியில் வேறொன்று இருந்தது. பூசின மறுநாள் சுவரில் வருமே, ஈரச் சிமெண்டு, அது.

இந்த ஹோட்டலில் தங்குவது அவர் யோசனை இல்லை. மகளுக்கு ஆபீஸில் ஏதோ பரிசு, இரண்டு நாள் பெரிய ஹோட்டலில் இலவசம் என்று. மகள் தான் போகாமல், நீங்கள் ரெண்டு பேரும் போங்கள், இத்தனை வருஷம் என்னத்தைக் கண்டீர்கள் என்று சொல்லிவிட்டாள். போனில் நாலு ஹோட்டல் படம் காட்டினாள். அவர் பார்க்கக்கூட இல்லை. சம்சாரம்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்து, ஒன்றின் மேல் விரலை வைத்தாள். கார் வந்தது, காரிலேயே தூங்கிவிட்டார், கண் விழித்தபோது வண்டி ஒரு நிலவறைக்குள் இறங்கி நின்றிருந்தது. அங்கிருந்து நேரே லிஃப்ட். ஹோட்டலின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

போகிற வழியெல்லாம் சிரித்த முகம். வேலையில்லாமல் சிரிக்கிறவனை அவர் நம்புவதில்லை.

குழாயை இறுக்கி மூடினார். முகம் துடைத்துக்கொண்டு திரும்பும்போது சுவருக்குள் அது கேட்டது.

டங்.

ஒரே ஒரு தட்டு. இரும்பில் இரும்பு.

மேஸ்திரியின் கை துடைத்த இடத்திலேயே நின்றது. பெரிய கட்டிடத்தில் ஆயிரம் சத்தம் வரும். பைப் சூடேறினால் தட்டும், பம்பு நின்றால் தட்டும், மேல் மாடிக்காரன் குளித்தால் தட்டும். ஆனால் அந்தத் தட்டுக்கெல்லாம் ஒரு அவசரம் இருக்கும், அடித்துவிட்டு ஓடிவிடும். இது அப்படி இல்லை. அளந்து அடித்த தட்டு. பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரின் காம்பைப் பிடித்து, தலையால் அடித்தால் வருகிற தட்டு.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

டங்.

மேஸ்திரி வாசல் கதவைத் திறந்துகொண்டு நடைக்கு வந்தார். லிஃப்டுக்குப் போய், உள்ளே ஏறாமல், பொத்தான்களை மட்டும் பார்த்தார். இருபத்து மூணு. இருபத்து நாலு. அடுத்தது இருபத்து ஆறு.

இருபத்து அஞ்சு இல்லை.

நடையைத் திரும்பிப் பார்த்தார். லிஃப்டுக்கு இடப்பக்கம் ஒரு வளைவு, வளைவு தாண்டி மூணு தூண், மூணாவது தூணுக்குப் பின்னால் மாடிப்படி. கண்ணை மூடிக்கொண்டே போகலாம். அந்த வழியில் தலையில் பைப் சுமந்து போயிருக்கிறார். அப்போது சுவரில் கண்ணாடி இல்லை, தரையில் விரிப்பு இல்லை, வெறும் செங்கல்லும் கம்பியும்தான். பேரை மாற்றிவிட்டான், வெளியே கண்ணாடியை ஒட்டிவிட்டான், சுற்றிலும் பாலமும் ரோடும் போட்டு ஊர் முகத்தையே மாற்றிவிட்டான். முப்பத்து மூணு வருஷம் ஊருக்குள் இந்தப் பக்கமே வராமல், வேலை வந்தாலும் வேறு ஆளை அனுப்பிவிட்டு, சுற்றுவழியாகவே போய் வந்த மனுஷனைத் தூக்கத்தில் கார்க்காரன் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

திரும்பி வந்து போனை எடுத்தார். அறை மாற்ற வேண்டும் என்றார். கீழே இருந்த பெண் மன்னிக்கணும் என்று ஆறு தடவை சொன்னாள், வேறு அறை இல்லை என்று ஒரு தடவையும் சொல்லாமலே அதைப் புரியவைத்தாள். குழாயில் கோளாறு என்றார். ஆள் அனுப்புகிறேன் என்றாள்.

வந்தவன் ஐம்பது வயசுக்காரன், இடுப்பில் பை, சட்டைப் பையில் டெஸ்டர். இவன் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்கு அதில் கொஞ்சம் நிம்மதி.

"குழாய்ல என்னங்க?"

"சுவத்துல சத்தம்."

"பழைய கட்டிடங்க. முனகும்."

"முனகுற சத்தமும் தட்டுற சத்தமும் எனக்குத் தெரியும். டக்டைத் திற."

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களும் நம்ம ஜாதியா?"

"பைப் ஜாதி. திற."

கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் கல் மாதிரி பூசின ஒரு பலகை. திருகைக் கழற்றி எடுத்தான். உள்ளே இருட்டு. மேலும் கீழும் போகிற கிணறு. பைப் போகிற குழியை இவர்கள் டக்ட் என்பார்கள். டார்ச்சை அடித்தான். புதுசாக நாலைந்து பிளாஸ்டிக் பைப். அவற்றுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, சிவப்பு பெயிண்ட் அடித்த நாலு இஞ்ச் இரும்பு பைப். அதில் ஒரு வால்வு. வட்டச் சக்கரம்.

மறையில் சணல் சுற்றியிருந்தது. மற்ற எல்லோரும் ஏழு சுற்று சுற்றினால் மேஸ்திரி ஒன்பது சுற்று சுற்றுவார், நுனியைத் திரித்து உள்ளே சொருகுவார். அந்த நுனி அங்கே அப்படியே இருந்தது.

"அது செத்த பைப்புங்க," என்றான் வந்தவன். "மேல சர்வீஸ் மாடி இருக்கு. அங்க ஒரு இடைத்தொட்டி. அந்தக் காலத்துல உச்சியிலருந்து நேரா தண்ணி விட்டா அழுத்தம் தாங்காதுன்னு நடுவுல ஒரு தொட்டி கட்டி வாங்கி விடுவாங்கல்ல, அது. விரிசல்னு சொல்லி ஆரம்பத்துலயே ஒதுக்கிட்டாங்களாம். மூடிக்கு வெல்டு வச்சிருக்கு. இந்த பைப்பை ரெண்டு பக்கமும் அறுத்து அடைச்சாச்சு. முப்பது வருஷமா ஒரு சொட்டு ஓடினதில்ல."

மேஸ்திரி கையை உள்ளே விட்டார். சிவப்பு பைப்பைத் தொட்டார்.

பைப் வேர்த்திருந்தது.

விரலை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். நுனியில் தண்ணீர் முத்து. உள்ளே குளிர்ந்த தண்ணீர் நிற்கிற பைப்தான் வேர்க்கும். காலி பைப் வேர்க்காது. பைப் வேலையில் முதல் நாளே தெரிகிற விஷயம் இது.

அந்த ஆள் விரலைப் பார்த்தான். பைப்பைப் பார்த்தான். தானும் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டான். பலகையை எடுத்து மாட்டி, நாலு திருகில் ரெண்டை மட்டும் முடுக்கி, பையைத் தூக்கினான்.

"எழுதிக் குடுத்துர்றேங்க. காலையில சூப்பர்வைசர் வருவாரு."

"நீ கேட்டிருக்கியா சத்தம்?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று சொல்லிக்கொண்டே, டார்ச்சை அணைக்க மறந்து, வெளிச்சம் சுவரெல்லாம் ஆட ஆட நடையில் போய்விட்டான்.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தார். சம்சாரம் திரும்பவில்லை. கண்ணாடியில் மழையின் முதல் கோடுகள் இறங்கின.

கொக்கு. அவள் தம்பியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீளக் கழுத்து, நீளக் கால், சட்டை எப்போதும் குட்டை. இருபத்திரண்டு வயசு. மேஸ்திரிக்கு அப்போது முப்பத்தஞ்சு, மேஸ்திரி ஆகவில்லை, வெறும் பைப் பிட்டர். மச்சானை அவர்தான் வேலைக்குக் கூட்டி வந்தார். ஒருவன் தொட்டியில், ஒருவன் கீழ் மாடி வால்வில். நடுவில் அத்தனை கனமான கான்கிரீட், கத்தினால் கேட்காது. பைப்பில் தட்டுவதுதான் பேச்சு. ரெண்டு தட்டு, திற. மூணு தட்டு, மூடு. ஒரு தட்டு, நிறுத்து, பொறு, நான் இன்னும் இருக்கிறேன். வேறு எந்தக் கட்டிடத்துப் பிட்டருக்கும் இந்தக் கணக்கு கிடையாது. இவர்கள் ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வைத்துக்கொண்டது. "மாமா, நாம ரெண்டு பேரும் ஊமைன்னு நெனச்சுக்கப் போறானுங்க," என்று கொக்கு சிரித்தான்.

மறுநாள் திறப்பு விழா. அதற்கு முந்தின சாயங்காலமே நாலு மணிக்கு முதலாளி வந்து ஒவ்வொரு அறையிலும் குழாயைத் திருப்பிப் பார்ப்பார் என்று சின்ன இன்ஜினியர் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கொக்கு தொட்டிக்குள் இறங்கி உதிர்ந்த சிமெண்டைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். இவர் வால்வில். கீழே இருந்து பம்பு தள்ளுகிற தண்ணீர் அந்த வால்வு வழியாகத்தான் தொட்டிக்கு ஏறும். ரெண்டு தட்டுக்காகக் காத்திருந்தார். அரைமணி ஆயிற்று. இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்று, "தண்ணி வந்துட்டா நாளையிலருந்து நீதான்யா மேஸ்திரி," என்றான்.

கொக்கு மேலே ஏறி பீடி குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தார். அப்படி நினைத்தார் என்றுதான் முப்பத்து மூணு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லி வந்திருக்கிறார். சக்கரத்தைத் திருப்பினார்.

தண்ணீர் போகத் தொடங்கியதும் பைப் அதிர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் மேலே இருந்து ஒரு தட்டு. டங்.

நிறுத்து.

கை சக்கரத்தில்தான் இருந்தது. அரைச் சுற்று திருப்பினால் போதும். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்குத் தட்டுக் கணக்கு தெரியாது. நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்பான். தட்டு வராமலே திறந்தேன் என்று சொல்லணும். ஏணி இருக்கிறது, ஏறி வந்துவிடுவான், நனைந்தால் காய்ந்து போகிறது என்று நினைத்தார். ஏணியைப் பூச்சுக்காரன் மத்தியானமே எடுத்துப் போனதும், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மூடியைப் போட்டு அதன் மேல் சென்ட்ரிங் பலகை அடுக்கியிருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது.

டங். டங். டங். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, ஒழுங்காக, ஒன்று ஒன்றாக. பயத்தில் கணக்கு மாறிவிட்டால் மாமாவுக்குப் புரியாமல் போய்விடுமே என்று பயந்து அடித்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் இரும்புச் சத்தம் மந்தமாயிற்று. தண்ணீருக்கு அடியில் அடிக்கிற சத்தம் அது. அப்புறம் பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

ராத்திரி இன்ஜினியரும் இவரும் மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு தடவைதான். போலீஸ் வந்தால் வேலை நிற்கும், இருநூறு பேர் பிழைப்பு போகும், உன் கைதானே வால்வில் இருந்தது என்று இன்ஜினியர் மெல்லப் பேசினான். மூடினார்கள். வெல்டு வைத்தது இவர்தான். நல்ல வெல்டு.

வீட்டில் போய், உன் தம்பி கோபித்துக்கொண்டு வேறு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார். அவள் அழுதாள். கடுதாசி போடுவான் என்றார். போடவும் வைத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கோ கிடந்த தபால் கார்டை எடுத்துக்கொண்டு போய், "அக்காவுக்கு, நான் சௌக்கியம்" என்று வாய்க்கு வந்ததைப் படித்துக் காட்டினார். மூணு வருஷம், மூணு கார்டு. அவள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கித் தகர டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

டங்.

இப்போது கட்டிலிலிருந்தே கேட்டது.

"கெளம்பு," என்றார் மேஸ்திரி. "வீட்டுக்குப் போலாம்."

"ரெண்டு நாளுன்னு சொன்னாளே."

"எனக்கு இந்த இடம் ஒத்துக்கல. மூச்சு முட்டுது."

"உங்களுக்கு முட்டுதா," என்றாள் அவள். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் விளக்கைப் போட எழுந்து, எந்தப் பொத்தான் எந்த விளக்கு என்று தெரியாமல், சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சுவர் ஈரம். கையை முகர்ந்தார். தேங்கின தண்ணீர் நாற்றம். செண்ட் எப்போதோ தோற்றுப் போயிருந்தது.

டங்.

"ஒன்னுன்னா என்ன?" என்றாள் அவள்.

மேஸ்திரி கைக்கு அகப்பட்ட பொத்தானை அழுத்தினார், எந்த விளக்கும் எரியவில்லை.

"வந்ததுலருந்து ஒன்னு ஒன்னாத்தான் தட்டுறான். நீங்க ரெண்டு பேரும் ஏதோ கணக்கு வச்சிருந்தீங்களே. என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு மறந்துபோச்சு. ஒன்னுன்னா என்ன?"

"யாரு... யாரு தட்டுறா? பைப் சத்தம்."

அவள் அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பருப்பில் கல் பொறுக்குகிற முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"உங்க மகளுக்கு ஏழு வயசு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சா. ஆசையா அந்த டப்பாவை எடுத்து, மாமா எழுதினதைப் படிடின்னு குடுத்தேன். ஒரு கார்டுல ஏதோ சங்கத்துக் கூட்டத்துக்கு வாங்கன்னு இருந்துச்சு. இன்னொன்னுல யாரோ ஒருத்தருக்குக் கண்ணு ஆபரேசன் தள்ளிப் போச்சுன்னு. மூணாவது இரும்புக் கடைக் கார்டு. முக்கா இஞ்ச் எல்போ பன்னெண்டு, அரை இஞ்ச் டீ ஆறு. குழந்தை சத்தம் போட்டுப் படிச்சா. மாமா ஏம்மா இப்படி எழுதியிருக்காருன்னு கேட்டா."

மழை கண்ணாடியில் அறைந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாமே," என்றார். தன் குரலே யாருடையதோ போல இருந்தது.

"கேட்டா சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டா அப்புறம் நான் உங்களுக்கு எப்படிச் சோறு போடுறது? அவளை வேற வளத்து ஆளாக்கணும். இந்தக் கட்டிடத்து வாட்ச்மேனைப் போய்ப் பார்த்தேன். உன் தம்பி உள்ள போனதைப் பார்த்தேம்மா, வெளிய வந்ததைப் பார்க்கலன்னான். அது போதும்னு வந்துட்டேன்." முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "இப்பச் சொல்லுங்க. அவ வேலைக்குப் போயிட்டா. இனிமே நீங்க சாப்பிட்டாலும் ஒன்னுதான், சாப்பிடாட்டியும் ஒன்னுதான்."

அவர் சொன்னார். நின்றபடியே, சுவரைப் பிடித்தபடியே, சக்கரம், இன்ஜினியர், தட்டு, ஏணி, மூடி, வெல்டு. அவர் பேசி முடிக்கும் வரை சுவருக்குள் தட்டு நின்றிருந்தது. சுவரும் காது கொடுத்துக் கேட்டது.

"எத்தனை தட்டினா திறக்கும்?" என்றாள்.

"வேண்டாம்."

"எத்தனை?"

"வேண்டாம்டி. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"அவனும்தான் கேட்டான். எத்தனை?"

"ரெண்டு," என்றார் மேஸ்திரி.

அவள் டீத் தட்டிலிருந்து கரண்டியை எடுத்தாள். குளியலறைக்குள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. பலகையை இழுக்கிற சத்தம். ரெண்டு திருகில் நின்றது உடனே வந்துவிட்டது.

டங். டங்.

ஒரு மூச்சு நேரம் எதுவுமில்லை.

பிறகு சக்கரம் திரும்பியது. துருப்பிடித்த சக்கரம். அரைச் சுற்று. ஒரு சுற்று. உள்ளிருந்து.

அறையில் இருந்த அத்தனை சத்தமும் நின்றது. ஏசி நின்றது. மழை கண்ணாடியில் வழிந்தது, சத்தமில்லாமல். வாசல் கதவு அவருக்கு எட்டடி தூரம். சுவரிலிருந்து கையை அவர் எடுக்கவில்லை.

தண்ணீர் விழுந்தது. குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் இல்லை. ஒரு ஆள் தண்ணீருக்குள் இருந்து எழுந்தால் மேலிருந்து வடிகிற தண்ணீர்.

ஈரக் கால். கல் தரையில். ஒன்று.

இன்னொன்று.

"எவ்வளவு எளைச்சுப் போயிட்ட," என்றாள் அவள் உள்ளே. இந்த முப்பத்து மூணு வருஷத்தில் அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. கல்யாணமான புதுசில் கேட்டிருக்கிறார். "உக்காரு. இங்க உக்காரு. குனி."

துணி உரசுகிற சத்தம் மட்டும். சர், சர், சர்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "துண்டு எடுத்துட்டு வாங்க."

போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் துண்டு என்றால் எடுத்துக் கொடுப்பதும், தண்ணீர் என்றால் மொண்டு கொடுப்பதும் பழகிப்போன கை. அலமாரியைத் திறந்தது. அடுக்கி வைத்த வெள்ளைத் துண்டில் ஒன்றை எடுத்தது. வாசலில் நின்று நீட்டியது.

விளக்கில்லை. டக்டின் ஓட்டை கறுப்பாகத் திறந்து கிடந்தது. பாத் டப்பின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு தலை கவிழ்ந்திருந்தது. நீளக் கழுத்து. கழுத்துக்குக் கீழே குட்டைச் சட்டை. அதற்கும் கீழே அவர் பார்க்கவில்லை. முடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, அவள் துவட்டத் துவட்ட, பிழியப் பிழிய, குறையவே இல்லை.

"இது நனைஞ்சு போச்சு. இன்னொன்னு."

கொடுத்தார்.

"இன்னொன்னு."

அலமாரி காலியாயிற்று. கட்டிலின் விரிப்பை உருவிக் கொடுத்தார். தலையணை உறை. தரையில் தண்ணீர் கணுக்கால் வரை. வாசலைத் தாண்டி அறைக்குள் போகவில்லை. குளியலறைக்குள்ளேயே, வெட்டி வைத்த மாதிரி நின்றது. எப்போது உள்ளே வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கை ஓஞ்சு போச்சு. நீங்க கொஞ்சம் துவட்டுங்க."

நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் அந்தத் தலையை ரெண்டு கையாலும், நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி, சிந்தாமல் தூக்கி, அவர் மடியில் வைத்தாள். கனம். ஈர மணல் மூட்டைக் கனம். அந்தக் குளிர் தொடையில் இறங்கி எலும்பில் ஏறியது.

அவள் எழுந்து போனாள். கதவை மூடவில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"முடிக்கு அடியில நல்லா துவட்டுங்க," என்றாள் அங்கிருந்து. "சளி பிடிச்சுக்கும் அவனுக்கு."

அவர் துவட்டினார். காதோரம். பிடரி. ஈரம். மறுபடி பிடரி. தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது, முழங்காலைத் தொட்டது. நிறுத்தினால் அது நிமிர்ந்துவிடும் என்று தோன்றியது. நிறுத்தாமல் துவட்டினார்.

துணிக்கு அடியில், அவர் உள்ளங்கைக்குள், மெதுவாக, அந்த முகம் மேல் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.